பயிரை மாற்றிய தாவல்கள்

கிரெகோர் மெண்டல் தம் மடாலயத் தோட்டத்துப் பட்டாணி விதைகளைப் பிரித்து எண்ணியபோது 5,474 விதைகள் உருண்டையாகவும் 1,850 விதைகள் சுருங்கியும் இருந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. 1866இல் வெளியான அவருடைய கட்டுரையில் உள்ள இத்தகைய கணக்குகளிலிருந்துதான் மரபியல் என்ற துறை பிறந்தது. பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்லும் அலகுகள் ஒன்றோடொன்று கலந்து கரைவதில்லை, தலைமுறைகள் தாண்டியும் தனித்தனியாகவே நிற்கின்றன என்று அவர் காட்டினார். பின்னால் வந்தவர்கள் அந்த அலகை மரபணு என்றார்கள். மரபணுக்கள் குரோமோசோம்களில் வரிசையாக, அதனதன் இடத்தில் அசையாமல் அமைந்திருக்கின்றன என்ற எண்ணமும் நிலைபெற்றது.

பட்டாணி ஏன் சுருங்குகிறது என்பது 1990இல்தான் தெரிந்தது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதியை உருவாக்குவது அந்த மரபணுவின் வேலை. சுருங்கிய பட்டாணியில் அதன் நடுவே சுமார் 800 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு செருகிக்கொண்டு நின்றது. அதனால் நொதி கெட்டது. மாவுச்சத்து குறைந்து சர்க்கரை தேங்கியது. சர்க்கரை மிகுந்த விதை வளரும்போது நிறைய நீரை இழுத்துக்கொள்ளும். முற்றிக் காய்கையில் அந்த நீர் வெளியேற, விதை சுருங்கிவிடும். மெண்டல் வளர்த்த வகையும் இதுவே என்று கருதப்படுகிறது. அந்தத் துண்டின் அமைப்பு மக்காச்சோளத்தில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த தாவும் மரபணுவை ஒத்திருந்தது.

தாவும் மரபணு என்பது குரோமோசோமில் தான் இருக்கும் இடத்தை விட்டு இன்னோர் இடத்தில் போய் நுழையக்கூடிய டி.என்.ஏ. துண்டு. பட்டாணியில் நடந்தது அபூர்வமான விபத்தன்று. மக்காச்சோளத்தின் தண்டு, திராட்சையின் நிறம், தக்காளியின் வடிவம், வாற்கோதுமையின் வேர் என நம் உணவுப் பயிர்களில் மனிதர் தேர்ந்தெடுத்த பல பண்புகளுக்குப் பின்னால் இப்படியொரு தாவல் இருக்கிறது. வெயிலும் உப்பும் வறட்சியும் கூடிவரும் காலத்தில் பயிரைக் காக்க விரும்புவோர் ஒவ்வொரு செடிக்குள்ளும் நடக்கும் இந்த இடமாற்றத்தை அறிந்திருக்க வேண்டும்.

மணிகளில் படித்த பாடம்

தாவும் மரபணுவைக் கண்டுபிடித்தவர் பார்பரா மெக்ளின்டாக். 1902இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தார். மக்காச்சோளத்தின் பத்து ஜோடி குரோமோசோம்களையும் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக அடையாளம் காணும் முறையை உருவாக்கியவர் அவர். 1940களில் நியூயார்க்கை அடுத்த கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் சேர்ந்து, தம் கையாலேயே மக்காச்சோளம் பயிரிட்டு, மகரந்தம் சேர்த்து, கதிர்களை அறுத்து ஆராய்ந்தார்.

சில கதிர்களில் மணிகள் முழு ஊதாவாகவும் இல்லை, முழு வெளுப்பாகவும் இல்லை. வெளுத்த மணியில் ஊதாப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒரு மணியில் பெரிய திட்டுகள். இன்னொன்றில் பொடிப் புள்ளிகள். மெக்ளின்டாக் இந்தப் புள்ளிகளின் அளவையே சான்றாக எடுத்துக்கொண்டார். ஒன்பதாம் குரோமோசோமில் நிறம் தரும் மரபணு ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு துண்டு போய்ச் செருகிக்கொண்டால் நிறம் நின்றுவிடும். மணி வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஏதாவது ஓர் உயிரணுவில் அந்தத் துண்டு வெளியேறினால், அந்த உயிரணுவிலிருந்து பிரிந்து வரும் அனைத்திலும் நிறம் திரும்பிவிடும். முன்கூட்டியே வெளியேறினால் திட்டு பெரியது. கடைசி நேரத்தில் வெளியேறினால் சிறு புள்ளி.

அந்தத் துண்டு தானாக வெளியேறுவதில்லை என்பதையும் அவர் கண்டார். குரோமோசோம்களில் வேறெங்கோ இருக்கும் இரண்டாவது துண்டு ஒன்று அதை இயக்குகிறது. மரபணுவில் செருகிக்கொள்ளும் முதல் துண்டுக்கு டி.எஸ். என்றும், இயக்கும் துண்டுக்கு ஏ.சி. என்றும் சுருக்கப் பெயர்கள் நிலைத்தன. ஏ.சி. இருந்தால் டி.எஸ். நகரும், இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே கிடக்கும். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் 1953இல்தான் வெளியானது. அதற்கு முன்பே, கதிர்களையும் குரோமோசோம்களையும் மட்டும் பார்த்து மெக்ளின்டாக் இந்த முடிவுக்கு வந்துவிட்டார்.

1950இல் கட்டுரையாக வெளியிட்டார். 1951இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் விளக்கினார். அறிஞர்களில் பெரும்பாலோருக்கு அது பிடிபடவில்லை. ஏற்கவும் மனம் வரவில்லை. அவர் ஆய்வை நிறுத்தவில்லை. 1960களின் பிற்பகுதியில் பாக்டீரியாவிலும், அடுத்து பழ ஈயிலும் தாவும் துண்டுகள் தென்பட்ட பிறகுதான் உலகம் மக்காச்சோளத்தைத் திரும்பிப் பார்த்தது. 1983இல், 81ஆம் வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு மட்டும் தனியாக வழங்கப்பட்டது. நோபல் உரையில் அவர் வலியுறுத்திய கருத்து இன்றைய பயிர் ஆய்வுக்கு மிக நெருக்கமானது: கடும் நெருக்கடிக்கு ஆளாகும் செடி தன் மரபணு அமைப்பையே மாற்றிக்கொள்ள முனைகிறது.

இரண்டு வழிகள்

தாவும் மரபணுக்களில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. முதல் பிரிவு, தான் இருக்கும் இடத்திலிருந்து வெட்டிக்கொண்டு வெளியேறி வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். வெட்டி ஒட்டும் நொதியின் பெயர் டிரான்ஸ்போசேஸ். ஏ.சி. துண்டு இந்த நொதியைத் தானே உருவாக்கிக்கொள்ளும். டி.எஸ். அந்தத் திறனை இழந்தது. ஆகவே அது ஏ.சி.யின் நொதியை நம்பியிருக்கிறது. மெக்ளின்டாக் கண்ட உறவின் மூலக்கூறு விளக்கம் இதுதான்.

இரண்டாம் பிரிவுக்கு ரெட்ரோடிரான்ஸ்போசான் என்று பெயர். இது வாழை போல: தாய்மரம் நின்ற இடத்திலேயே நிற்க, கன்று வேறிடத்துக்குப் போகிறது. மூலத் துண்டு அசையாமல் இருக்க, அதிலிருந்து ஆர்.என்.ஏ. படி எடுக்கப்படுகிறது; அந்தப் படி திரும்ப டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டுப் புதிய இடத்தில் சேர்கிறது. ஒவ்வொரு தாவலும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதால் இவை பெருகிக்கொண்டே போகின்றன. 2009இல் மக்காச்சோளத்தின் முழு டி.என்.ஏ. வரிசை வெளியானபோது, அதன் 230 கோடி எழுத்துகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு தாவும் மரபணுக்களும் அவற்றின் எச்சங்களும் என்று தெரிந்தது. கோதுமையிலும் அதே அளவு. நெல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மனித டி.என்.ஏ.விலும் பாதிக்குச் சற்றுக் குறைவு.

இவ்வளவு பெரிய பகுதியைக் குப்பை டி.என்.ஏ. என்று அறிவியல் உலகம் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்தது. பெரும்பாலான துண்டுகள் சிதைந்து, அசைவற்றுக் கிடப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் சில எங்கே விழுந்தன என்பதைத் தேடியவர்களுக்கு வேளாண்மையின் வரலாறே கிடைத்தது.

உணவில் பதிந்த தாவல்கள்

மக்காச்சோளத்தின் மூதாதை தியோசின்டே என்ற காட்டுப் புல். மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் அதைப் பயிராக்கத் தொடங்கினார்கள். தியோசின்டே புதராகக் கிளைத்து வளரும்; மக்காச்சோளம் ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து நிற்கும். இந்த மாற்றத்தில் பெரும்பங்கு டி.பி.1 என்ற மரபணுவுக்கு உண்டு. கிளைப்பதைத் தடுப்பது அதன் வேலை. 2011இல் ஜான் டோப்லியின் குழு, இந்த மரபணுவிலிருந்து ஏறத்தாழ 60,000 எழுத்துகள் தள்ளி ஹாப்ஸ்காட்ச் என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் உட்கார்ந்திருப்பதைக் கண்டது. அவ்வளவு தொலைவிலிருந்தே அது டி.பி.1இன் செயல்பாட்டைக் கூட்டுகிறது, கிளைகள் அடங்குகின்றன.

இந்தத் தாவல் வேளாண்மை தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே நடந்துவிட்டது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. காட்டுப் புல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அது மறைந்திருந்தது. ஒற்றைத் தண்டுச் செடிகளை விதைக்கு எடுத்து வைத்த உழவர்களின் கைதான் அதைப் பயிரில் நிலைநிறுத்தியது.

திராட்சையில் நடந்தது இன்னொரு வகை. கருந்திராட்சையின் தோலுக்கு நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அதை உருவாக்கச் சொல்லிக் கட்டளையிடும் மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான் நுழைந்து அதை முடக்கியதும், பக்கத்து மரபணு வேறொரு மாற்றத்தால் செயலிழந்ததும் சேர்ந்து வெள்ளைத் திராட்சையைத் தந்தன. இத்தாலியா என்ற வெள்ளை ரகத்தின் கொடியில் அந்தத் துண்டின் பெரும்பகுதி கழன்றுபோனதால் உருவானதுதான் ரூபி ஒக்குயாமா என்ற சிவப்பு ரகம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் இதை விளக்கினார்கள்.

இத்தாலியின் சிசிலித் தீவில் எட்னா எரிமலையைச் சுற்றி விளையும் செஞ்சாத்துக்குடி வகை ஆரஞ்சின் சுளை இரத்தச் சிவப்பாக இருக்கும். அங்கும் நிறமிக்கு ஆணையிடும் மரபணுவின் அருகே ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான் அமர்ந்திருக்கிறது. குளிர் பட்டால் அது விழித்து அந்த மரபணுவையும் இயக்குகிறது. பகலில் வெயிலும் இரவில் குளிரும் உள்ள சிசிலியில் பழம் நன்றாகச் சிவப்பதும், வெப்ப நாடுகளில் அதே மரம் வெளிறிய பழம் தருவதும் இதனால்தான். சீனாவின் ஒரு பழைய ரகத்தில், அதே மரபணுவின் அருகே வேறொரு தாவல் தனியாக நிகழ்ந்து அதே விளைவைத் தந்திருக்கிறது. நீண்ட வடிவத் தக்காளிகள் சிலவற்றுக்கும் ரைடர் என்ற தாவும் மரபணுதான் காரணம். அது பக்கத்து மரபணுவையும் சேர்த்துப் படியெடுத்துப் புதிய இடத்தில் வைத்துவிட்டது.

உழவுக்கு நேரடிப் பயன் உள்ள எடுத்துக்காட்டு வாற்கோதுமை. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கிவிடும். கிழக்காசியாவின் சில வாற்கோதுமை ரகங்கள் மட்டும் அதைத் தாங்குகின்றன. ஜப்பானின் ஒக்காயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மாவின் குழு 2012இல் காரணத்தைச் சொன்னது. வேரின் உட்பகுதியில் சிட்ரேட்டை வெளியிட்டு, இரும்புச்சத்து மேலே போக உதவும் மரபணு ஒன்று உண்டு. அதற்கு முன்பாக 1,000 எழுத்து நீளத் துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டதும், அந்த மரபணு வேர்நுனியிலும் வேலை செய்யத் தொடங்கியது. வெளியேறும் சிட்ரேட் அலுமினியத்தைப் பிடித்து நஞ்சை முறித்துவிடுகிறது. மரபணு பழையதுதான். அது வேலை செய்யும் இடத்தை மாற்றியது தாவல்.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஒரே பாடத்தைச் சொல்கின்றன. தாவும் துண்டு புதிய புரதம் எதையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருக்கும் மரபணு எப்போது, எங்கே, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை அது மாற்றுகிறது. நல்ல ரகம் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இந்த எப்போது, எங்கே, எவ்வளவுதான்.

செடியின் காவல்

கண்டபடி தாவினால் செடி அழிந்துவிடும். ஆகவே செடி அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. 24 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்கள் தாவும் மரபணுக்களை அடையாளம் காட்ட, அந்த இடங்களில் மீத்தைல் என்னும் வேதிக்குறி பதிக்கப்படுகிறது. குறி பதிந்த துண்டு வாய் திறப்பதில்லை.

இந்தக் காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் அனுபவித்தன. விளைச்சல் மிகுந்த மரத்தைத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி நட்டால், சில மரங்கள் பல ஆண்டுகள் வளர்ந்த பிறகு உருக்குலைந்த, எண்ணெயற்ற காய்களைத் தந்தன. நட்டவருக்குப் பெரும் இழப்பு. மலேசியப் பனை எண்ணெய் வாரியமும் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகமும் சேர்ந்து 2015இல் காரணத்தைக் கண்டறிந்தன. பூ அமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுவுக்குள் கர்மா என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் இருக்கிறது. திசு வளர்ப்பின்போது அதன் மீதிருந்த மீத்தைல் குறி நீங்கிவிட்டால் காய் கெடுகிறது. குறி நிலைத்திருந்தால் மரம் நலமாகக் காய்க்கிறது. கன்றின் இலையைச் சோதித்தாலே இனி இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம். மெக்ளின்டாக் வேலை செய்த அதே ஆய்வகம் இந்தக் கண்டுபிடிப்பில் பங்கேற்றது பொருத்தமானது.

நெல்லுக்குள் ஒரு பெருக்கம்

தாவலை நம் காலத்திலேயே கண்ணெதிரே பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு நெல் விடை தந்தது. 2003இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மூன்று குழுக்கள் எம்பிங் என்ற தாவும் மரபணுவை ஒரே நேரத்தில் அறிவித்தன. 430 எழுத்து மட்டுமே நீளமுள்ள சிறு துண்டு அது. தனக்கென நொதி இல்லாததால் பிங், பாங் என்ற உறவுத் துண்டுகளின் நொதியைப் பயன்படுத்திக்கொள்கிறது. நிப்போன்பாரே என்ற ஜப்பானிய ரகத்தில் ஏறத்தாழ 50 எம்பிங் படிகள் உள்ளன. கிம்போசு என்ற பழைய நாட்டு நெல்லிலிருந்து வந்த ஒரு வகையில் ஆயிரத்துக்கும் மேல். அந்த வகையில் ஒவ்வொரு செடியிலும் தலைமுறைக்குச் சுமார் 40 புதிய இடங்களில் எம்பிங் நுழைந்துகொண்டிருந்தது.

இத்தனை தாவல்களைத் தாங்கிக்கொண்டு நெல் எப்படி நன்றாக விளைகிறது? சூசன் வெஸ்லர், கென் நைட்டோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் இதற்கு விடை கண்டார்கள். எம்பிங், புரதத்துக்கான குறிப்புகள் உள்ள பகுதியைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. மரபணுவுக்கு முன்னால் உள்ள பகுதிகளில் மிகுதியாக நுழைகிறது. அப்படி நுழைந்த இடங்களில் சில மரபணுக்கள் குளிரும் உப்பும் தாக்கும்போது முன்பைவிடக் கூடுதலாக வேலை செய்யத் தொடங்கின. ஒரு சிறு துண்டின் பெருக்கம், நெருக்கடிக்கு எதிர்வினை செய்யும் மரபணுக்களின் வலையையே விரிவாக்கியிருந்தது. 1983இல் மெக்ளின்டாக் சொன்னதற்கு ஒரு நெல் வயல் சான்று தந்தது.

அரபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியிலும் இதற்கு இணையான சான்று உண்டு. அதிலுள்ள ஒன்சென் என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் கடும் வெப்பம் பட்டால் விழிக்கிறது. குட்டி ஆர்.என்.ஏ. காவல் குறைந்த செடிகளை வெப்பத்தில் வைத்தபோது, அவற்றின் பிள்ளைகளில் அது புதிய இடங்களில் நுழைந்திருந்தது. அங்கிருந்த சில மரபணுக்கள் அதன் பிறகு வெப்பத்துக்கு எதிர்வினை செய்தன. ஜப்பானிய ஆய்வாளர்கள் பங்கேற்ற இந்த ஆய்வு 2011இல் வெளியானது.

ஆய்வகத்திலிருந்து வயலுக்கு

பயிர் மேம்பாட்டில் தாவும் மரபணுக்களைப் பயன்படுத்த இன்று நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, மரபணுவின் வேலையை அறிவது. நெல்லில் டோஸ்17 என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் திசு வளர்ப்பின்போது மட்டும் விழித்துப் பெருகும்; செடியாக வளர்ந்ததும் அடங்கிவிடும். ஹிரோஹிக்கோ ஹிரோச்சிக்காவின் குழு இதை 1996இல் வெளியிட்டது. ஒவ்வொரு செடியிலும் வெவ்வேறு மரபணு முடங்கியிருக்கும்படி பல்லாயிரம் நெல் வரிசைகளை இதைக் கொண்டு ஜப்பானில் உருவாக்கினார்கள். ஒரு செடி குட்டையாக நின்றால், எந்த மரபணுவில் டோஸ்17 நுழைந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்; உயரத்துக்குப் பொறுப்பான மரபணு கிடைத்துவிடும். மக்காச்சோளத்தின் ஏ.சி., டி.எஸ். துண்டுகளும் இதே பணிக்காகப் புகையிலை, நெல் போன்ற செடிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

இரண்டாம் வழி, ஏற்கெனவே நடந்த தாவல்களைப் படிப்பது. ரகங்களுக்கிடையே ஓர் எழுத்து மாறியிருப்பதைத் தேடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படித்துச் சேர்க்கும் முறையில், ஒன்றுபோல் திரும்பத் திரும்ப வரும் தாவும் மரபணுக்கள் எங்கே இருக்கின்றன என்று சரியாகத் தெரியாது. நீண்ட துண்டுகளாகப் படிக்கும் கருவிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. 2020இல் 100 தக்காளி ரகங்களை இப்படிப் படித்தபோது, துண்டு சேர்ந்தும் விடுபட்டும் இடம் மாறியும் அமைந்த வேறுபாடுகள் 2,38,490 கிடைத்தன. அவற்றில் பெரும்பங்குக்குத் தாவும் மரபணுக்களோடு தொடர்பு உண்டு. 3,000 நெல் ரகங்களின் வரிசைகளை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் 50,000க்கும் மேற்பட்ட செருகல் வேறுபாடுகளை 2019இல் பட்டியலிட்டார்கள். பல செருகல்கள் மிகச் சில ரகங்களில் மட்டுமே இருந்தன. அவை அண்மைக் காலத்தில் நடந்தவை என்பதற்கு அதுவே அடையாளம்.

மூன்றாம் வழி, தாவலைத் தூண்டுவது. 2017இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். ஒன்று மீத்தைல் குறி பதிவதைத் தடுக்கும் செபுலரின். மற்றொன்று நச்சுக் காளானில் உள்ள ஆல்ஃபா அமானிட்டின். வேதிப்பொருளோடு வெப்பத்தையும் சேர்த்து அரபிடாப்சிஸில் ஒன்சென் துண்டைத் தாவவைத்தார்கள். நெல்லிலும் உறங்கிக் கிடந்த ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசானை எழுப்பினார்கள். வெளியிலிருந்து எந்த மரபணுவையும் புகுத்தாமல், செடியின் சொந்தத் துண்டுகளைக் கொண்டே புதிய வேறுபாடுகளை உண்டாக்கும் முறை இது. விதைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி மாற்றம் தேடும் பழைய முறையைக் காட்டிலும் இதில் ஒரு வசதி உண்டு. நுழைந்த துண்டின் வரிசை முன்பே தெரியும் என்பதால் மாற்றம் எங்கே நடந்தது என்று எளிதில் கண்டுபிடிக்கலாம்.

நான்காம் வழி, விரும்பிய இடத்தில் தாவவைப்பது. கிரிஸ்பர் முறை டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும். ஆனால் வெட்டிய இடத்தில் நீளமான புதிய துண்டைச் சேர்ப்பது தாவரங்களில் கடினமாகவே இருந்துவந்தது. தாவும் மரபணுவின் நொதிக்கு ஒட்டும் திறன் உண்டு. எங்கே ஒட்டுவது என்ற குறி கிடையாது. அமெரிக்காவின் டான்ஃபோர்த் தாவர அறிவியல் மையத்தில் கீத் ஸ்லாட்கினின் குழு இரண்டையும் இணைத்தது. நெல்லின் பாங் துண்டிலிருந்து வரும் நொதியைக் கிரிஸ்பரின் கத்திரியோடு பிணைத்து, எம்பிங் துண்டைக் குறித்த இடத்தில் கொண்டுசேர்த்தார்கள். எம்பிங்குக்குள் தேவையான மரபணுப் பகுதியை வைத்தும் அனுப்பினார்கள். அரபிடாப்சிஸிலும் சோயா மொச்சையிலும் இது வென்றதை 2024இல் வெளியிட்டார்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

தூண்டப்பட்ட தாவல்களில் பெரும்பாலானவற்றால் செடிக்கு நன்மை வராது. பல தாவல்கள் கேடு செய்யும். ஆயிரக்கணக்கான செடிகளிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, அதன் பண்பு தலைமுறைகளாக நிலைக்கிறதா என்று பார்த்து, உப்பு நிலத்திலும் வறண்ட நிலத்திலும் விளைவித்து, விளைச்சல் குறையாததை உறுதி செய்த பிறகே அது ரகமாகும். ஆய்வகச் சட்டியில் ஒரு மரபணு வெப்பத்துக்கு எதிர்வினை செய்வதும், சித்திரை வெயிலில் ஒரு வயல் தாக்குப்பிடிப்பதும் ஒன்றாகிவிடா. இடையில் பல ஆண்டுக் களப்பணி இருக்கிறது. அந்தப் பணிக்கு நிலமும் ஆளும் தொடர்ந்த நிதியும் தேவை.

இன்னொரு தேவை அதைவிட அவசரமானது. மக்காச்சோளத்தின் ஹாப்ஸ்காட்ச் தாவல் உழவு தோன்றும் முன்பே காட்டுப் புல்லில் இருந்தது. எம்பிங் பெருகியது ஒரு பழைய நாட்டு நெல்லின் வழியில். அலுமினியத்தைத் தாங்கும் செருகல் கிழக்காசியாவின் சில வாற்கோதுமை ரகங்களில் இருந்தது. அந்தப் புல்லும் அந்த ரகங்களும் முன்பே அழிந்திருந்தால், எந்தக் கருவியாலும் இவற்றைக் கண்டிருக்க முடியாது. பிலிப்பீன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு பகுதியே இதுவரை முழுமையாகப் படிக்கப்பட்டுள்ளது. உழவர் வீடுகளிலும் சிறு விதைச் சேகரிப்புகளிலும் இருக்கும் நாட்டு ரகங்களையும் சேர்த்தால், படிக்க வேண்டியவை இன்னும் பெருகும்.

ஒவ்வொரு நாட்டு ரகமும் அதன் நிலத்தில் நடந்த தாவல்களையும், அவற்றில் நல்லதைத் தேர்ந்து விதைக்கு வைத்த மனிதர்களின் முடிவுகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆகவே விதைகளைக் காப்பதும், அவற்றின் டி.என்.ஏ.வைத் தாவும் பகுதிகளோடு முழுமையாகப் படிப்பதும், உழவர்கள் ஒரு ரகத்தைப் பற்றிச் சொல்லும் அனுபவத்தை அதோடு பதிவு செய்வதும் ஒரே வேலையின் மூன்று பாகங்கள். நொதிகளையும் கத்திரிகளையும் எந்த ஆய்வகத்திலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு நிலத்தின் விதை அழிந்துபோனால் அதில் நிகழ்ந்திருந்த தாவலை எவராலும் திரும்ப உண்டாக்க முடியாது. பயிர் மேம்பாட்டுக்கான நிதியும் உழைப்பும் முதலில் அந்த விதைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.